மீன் தொட்டி வாங்கும் முன் மண்டபம் போய் வாருங்கள்!

சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர்தான். வில்லிவாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கி, ரெட்டேரி பக்கம் போகும் ஆட்டோவில் ஏறி 'மீன் கடைங்க இருக்கிற இடம்' என்றாலே போதும், இறக்கி விட்டுவிடுவார்கள். தங்கமீனில் ஆரம்பித்து அரோவானா வரை எல்லாம் கிடைக்கும். தொட்டி, ஸ்டாண்ட், மோட்டார், விளக்கு, உணவு என ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கி வண்டியில் ஏற்றிவிடலாம்.

அந்த 'ஒரே நாள்' சமாச்சாரம்தான் கடல் மீன் தொட்டிக்கு ஒத்து வராது. அதிலும் பவளப்பாறைச் சூழலை வீட்டுக்குள் உருவாக்கும் 'ரீஃப் டேங்க்' என்றால் சுத்தமாக ஒத்து வராது. ஆவடியில் புது வீடு கட்டிய என் தம்பி, ஹாலில் ஆறடி நீளத்துக்கு அப்படி ஒரு தொட்டி வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். கொளத்தூரில் பல வருடங்களாகக் கடல் மீன் விற்கும் ஒரு பெரியவரிடம் போய் யோசனை கேட்டோம். "மொதல்ல ராமேஸ்வரம் பக்கம் போயிட்டு வாங்க சார். கடல் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்தா, எங்கிட்ட பாதி கேள்வி கேக்க மாட்டீங்க" என்றார். வியாபாரி ஒருவர் விற்பதற்கு முன் இப்படிச் சொன்னது ஆச்சரியமாக இருந்தது. அவர் பேச்சைக் கேட்டு அந்த வார இறுதியிலேயே கிளம்பினோம்.

மண்டபம் முகாம்

சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் இரவு ரயிலில் ஏறினால், விடியும் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே உடைமரங்களும் மணலும் தெரிய ஆரம்பிக்கும். பாம்பன் பாலத்துக்கு முந்தைய நிறுத்தம் மண்டபம். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணைப் பக்கத்துக் கடல். நடுவில் ஒல்லியான நிலம். காலையில் ஒரு கடலையும் மாலையில் இன்னொரு கடலையும் பார்க்கலாம்.

ஊரின் ஒரு பகுதிக்கு 'மண்டபம் கேம்ப்' என்று பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை இங்கேதான் முகாமில் தங்க வைத்து, நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு கப்பலேற்றினார்கள். இந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனையோ குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது.

இந்த இடத்துக்கு மீனோடும் நெருங்கிய உறவு உண்டு. 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம், 1971-ல் கொச்சிக்குப் போகும் வரை மண்டபத்தில்தான் இருந்தது. இப்போது இங்கே அதன் மண்டல மையம் இயங்குகிறது. பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு கடல் மீன் காட்சியகமும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு போனால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

பிள்ளைகள் எல்லோரும் தேடுவது 'நீமோ'வைத்தான். 2003-ல் வந்த கார்ட்டூன் படத்துக்குப் பிறகு கோமாளி மீனுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மன்னார் வளைகுடாவிலேயே 'செபா' என்ற கோமாளி மீன் இனம் உண்டு. அதைக் கடலில் பிடிக்காமல், தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கும் முறையை உருவாக்கியதில் மண்டபம் மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த வேலையில் எவ்வளவு பொறுமை தேவை என்று தெரிந்தால், கடையில் பேரம் பேச மனசு வராது. பெண் மீன் ஓட்டிலோ பானையிலோ முட்டைகளை ஒட்டி வைக்கும். காவல் காப்பது பெரும்பாலும் ஆண் மீன்தான். ஒரு வாரம் கழித்து, இருட்டிய பிறகு குஞ்சுகள் வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரிதான் அவற்றின் முதல் உணவு. அதையும் தனியாக வளர்க்க வேண்டும். இன்னொரு விசேஷம், கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடும். அதனால் இரண்டு சிறிய மீன்களை ஒன்றாக வாங்கி விட்டால், ஜோடியைத் தானே அமைத்துக்கொள்ளும்.

குருசடைத் தீவு

மறுநாள் பாம்பன் பாலத்தைத் தாண்டி குந்துகால் போனோம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம் பக்கத்திலேயே கம்பீரமாக நிற்கிறது. 1897-ல் விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய இடம் குந்துகால். இங்கிருந்துதான் குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு. காற்றையும் அலையையும் பார்த்துத்தான் விடுவார்கள். விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி முதல் பாம்பன் வரை வரிசையாக 21 தீவுகள். அதில் ஒன்று குருசடை. படகில் போகும்போது தண்ணீர் நீலத்திலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து வெளிர் பழுப்புக்கும் மாறுவதைப் பார்க்கலாம். கீழே கடற்புல்லோ பாறையோ இருக்கிறது என்று அர்த்தம். மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். மீன் எங்கே கூடும் என்று அவர்களுக்கு அந்தப் பார்களை வைத்துத்தான் கணக்கு.

கொளத்தூர் பெரியவர் சொன்னதன் அர்த்தம் இங்கேதான் புரிந்தது. பாறையின் ஒரு பக்கம் மோதும் நீரோட்டம் மறுபக்கம் வேறு திசையில் போகிறது. ஒரு நிமிடம்கூடத் தண்ணீர் சும்மா இருப்பதில்லை. கரையில் அலை அடித்து ஒதுக்கும் நுரையில் கடலின் அழுக்கும் சேர்ந்து வந்துவிடுகிறது. வெயில் நேராக இறங்குகிறது. இத்தனை பெரிய கடல் என்பதால் தண்ணீரின் உப்போ சூடோ ஒரே நாளில் எகிறிவிடாது. தொட்டியில் இந்த வேலைகளை எல்லாம் ஒவ்வொரு கருவியாக வாங்கி வைத்துச் செய்ய வேண்டும்.

கடலுக்கே காய்ச்சல் வரும் காலமும் உண்டு. கோடையில் நீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிப் பல நாட்கள் நீடித்தால், பவள உயிரிகள் தங்களுக்குள் வாழும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகும். உணவு தருவதே அந்தப் பாசிதான். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் இது பெரிய அளவில் நடந்தது. இரண்டு மூன்று டிகிரிக்கே இப்படியென்றால், மே மாதத்து ஆவடி ஹால் எப்படி இருக்கும்? தம்பி முதல்முறையாகக் கவலைப்பட்டது இந்த இடத்தில்தான்.

கையில் எடுக்கக் கூடாத கல்

கரையில் ஒதுங்கிய ஒரு வெள்ளைப் பவளத் துண்டைக் கையில் எடுத்தான் தம்பி. "சார், அதை அங்கேயே போட்டுடுங்க" என்றார் கூட வந்த வழிகாட்டி. உயிரோடு இருந்தாலும் செத்துக் காய்ந்து போனாலும் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு நிகரான பாதுகாப்புப் பெற்றவை. கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் அதே பட்டியலில் இருக்கின்றன.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் இங்கே பவளப்பாறைகளை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். பாறை போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவும் கரைந்து சுருங்கியது. அதைக் காப்பாற்றக் கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள்.

ஆகவே, 'நம்ம ஊர் கடல்ல எடுத்த ஒரிஜினல் கல்' என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். விற்பவரோடு வாங்குபவரும் மாட்டிக்கொள்வார். வீட்டுத் தொட்டிக்கு சிமென்ட்டிலோ செராமிக்கிலோ செய்த துளையுள்ள செயற்கைப் பாறை போதும். தேவை கல்லின் அழகு அல்ல, அதன் துளைகளில் குடியேறும் பாக்டீரியா. பவளம் வேண்டும் என்றால், முறையாக இறக்குமதியாகி ரசீதும் ஆவணமும் உள்ள மென்பவள வகைகளை மட்டும் கேளுங்கள். காகிதம் இல்லை என்றால் பவளமும் வேண்டாம். மீனும் செயற்கைப் பாறையும் மட்டும் இருக்கும் தொட்டியே அழகுதான்.

மறுபடியும் கொளத்தூர்

இந்த முறை கையில் நோட்டோடு போனோம். இங்கே நன்னீர் மீன் கடைகள்தான் அதிகம். கடல் மீன் கடைகளைத் தேடித்தான் போக வேண்டும். நுழைந்ததும் நீல வெளிச்சமும் லேசான உப்பு வாடையும் இருந்தால் சரியான கடை. பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எந்த மாடி சார்?" என்றுதான் முதலில் கேட்டார். தம்பி நினைத்திருந்தது முதல் மாடி ஹால்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 680 லிட்டர் கொள்ளும். கடல்நீர் என்பதால் அதன் எடை மட்டும் ஏறக்குறைய 700 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி 120 கிலோ. பாறை, மணல், இரும்பு ஸ்டாண்ட், கீழே வைக்கும் சம்ப் தொட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். அத்தனையும் 12 சதுர அடியில் நிற்கும். வீடுகளின் தளத்தைப் பொதுவாக சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கிறார்கள். வீட்டைக் கட்டிய இன்ஜினீயருக்கு அங்கிருந்தே போன் போட்டான் தம்பி. "தரைத்தளத்துல, சுவரை ஒட்டி வைங்க" என்று பதில் வந்தது. முதல் மாடிக் கனவு அதோடு முடிந்தது. ஆனால் வீடு தப்பித்தது.

அடுத்து கருவிகள். கடலில் பார்த்ததை வைத்தே ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினோம்.

நீரோட்டத்துக்கு: தொட்டியின் இரண்டு பக்கமும் வேவ் மேக்கர். மென்பவளம் வைப்பதாக இருந்தால், ஒரு மணி நேரத்தில் தொட்டியின் கொள்ளளவைப் போல 20 மடங்கு தண்ணீரையாவது இவை அசைக்க வேண்டும். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப் தனி. அதற்கு 3 முதல் 5 மடங்கு போதும்.

நுரைக்கு: புரோட்டீன் ஸ்கிம்மர். கரையில் அலை செய்யும் வேலையைத்தான் இது செய்கிறது. நுண்ணிய காற்றுக் குமிழிகளில் கழிவை ஒட்ட வைத்து நுரையாகப் பிரித்துவிடும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் இதில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

குளிர்ச்சிக்கு: நம் ஊரில் ஹீட்டர் தேவையில்லை, சில்லர் அவசியம். தண்ணீர் 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். இந்த அளவுத் தொட்டிக்கு அரை ஹெச்.பி-யாவது வேண்டும். சுமார் 450 வாட் இழுக்கும் சில்லர் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 320 யூனிட்டுக்கு மேல் அதற்கே போய்விடும். தொட்டி வாங்கும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

தண்ணீருக்கு: போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் நேரடியாக ஆகாது. ஆர்.ஓ-வில் வடிகட்டி, அதன் பிறகு டி.ஐ. ரெசின் வழியாக விட்டு, டி.டி.எஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீரில் கடல் உப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். சமையல் உப்போ கல் உப்போ அல்ல, தொட்டிக்கென்றே வரும் கலவை. லிட்டருக்கு 35 முதல் 38 கிராம். பாறைக்கும் மணலுக்கும் போக, சம்ப்பையும் சேர்த்து 750 லிட்டர் என்று வைத்தால் தொடக்கத்திலேயே 26 கிலோவுக்கு மேல் உப்பு வேண்டும். பிறகு வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால், அதற்கு வாரத்துக்கு இரண்டரை கிலோவுக்கு மேல்.

ஆவியாவதை ஈடுகட்ட: தினமும் சில லிட்டர் தண்ணீர் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் ஈடு செய்ய ஊற்ற வேண்டியது உப்பில்லாத சுத்த நீர். இதைத் தானாகச் செய்யும் கருவி இருக்கிறது. வெளியூர் போகும் குடும்பத்துக்கு அது இல்லாமல் முடியாது.

கரன்ட் போனால்: வேவ் மேக்கருக்கு இன்வெர்ட்டர் இணைப்பு, கூடவே பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று. தண்ணீர் அசையாமல் நின்றால் ஆக்சிஜன் குறைந்து, சில மணி நேரத்தில் மீன்கள் திணற ஆரம்பிக்கும். உப்புத் தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், ஷாக் அடித்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்சை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு!

இத்தோடு விளக்கு, உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் பரிசோதனைப் பெட்டி. மொத்தக் கணக்கு லட்சங்களில் போனது. மீன் இன்னும் அந்தப் பட்டியலில் வரவே இல்லை.

யார் முதலில், யார் கடைசியில்?

"எத்தனை மீன் விடலாம்?" என்று தம்பி கேட்டான். ஐம்பது என்று பதில் வரும் என்று எதிர்பார்த்தான் போல. "பத்து, பன்னண்டு. அதுவும் ஒரு வருஷத்துல" என்றார் பெரியவர். பிறகு ஒரு தாளில் வரிசை எழுதிக் கொடுத்தார்.

முதல் 4 முதல் 6 வாரம் மீனே கிடையாது. தண்ணீரும் பாறையும் மட்டும். கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையில் பெருக வேண்டும். அவற்றுக்கு உணவாகக் கொஞ்சம் அமோனியா மட்டும் சேர்க்க வேண்டும். சேர்த்த அமோனியா ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகுதான் மீன்.

முதலில் சாதுவானவை. பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி. அதற்குக் கடல் சாமந்தி இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. அடுத்து பங்காய் கார்டினல் ஒரு ஜோடி. ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும் இனம் இது. பண்ணையில் பிறந்ததும் கிடைக்கும். பிறகு, இறாலோடு ஒரே வளையைப் பகிர்ந்துகொள்ளும் கோபி. இறால் வளை தோண்டும், கண் தெரியும் மீன் வாசலில் காவல் நிற்கும். பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னும் சில சிறிய மீன்கள். தனக்கென்று எல்லை பிடித்துச் சண்டை போடும் இனங்கள் எல்லாம் கடைசியில்தான். அவற்றை முன்னால் விட்டால், பின்னால் வருபவை எல்லாம் அடிபடும்.

தம்பி கேட்ட நீல டாங், அதாவது பிள்ளைகள் 'டோரி' என்று கேட்கும் மீன், வரிசையில் இல்லை. கடையில் இரண்டு அங்குலத்தில் இருப்பது, வளர்ந்தால் ஓர் அடியைத் தொடும். நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும் இனம். ஆறடி அதற்கு ஒரு நடைகூட ஆகாது. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தையே கொத்தித் தின்னும். சிங்க மீனின் முள்ளில் விஷம். அழகைப் பார்த்து வாங்கக் கூடாதவை என்று இப்படி ஒரு தனிப் பட்டியல்.

கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடிக்கப்பட்டுத்தான் வருகின்றன. ஒன்று செத்தால் இன்னொன்று வாங்கலாம் என்று நினைத்தால், அந்த இன்னொன்றும் ஏதோ ஒரு பாரிலிருந்துதான் வர வேண்டும். பண்ணை மீனுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கேட்டாலும் கொடுக்கலாம் என்று நாங்கள் முடிவு செய்தது அதனால்தான்.

எந்த மீன் வந்தாலும் தனியாக ஒரு சிறிய தொட்டியில் 4 வாரம் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும் என்பது கடைசி நிபந்தனை. வெள்ளைப் புள்ளி நோயோடு ஒரு மீன் உள்ளே போனால் மொத்தத் தொட்டியும் போய்விடும். பாறையும் உயிர்களும் இருக்கும் தொட்டியில் மருந்தும் ஊற்ற முடியாது.

கிளம்பும் முன்...

மண்டபம், குருசடை இரண்டையும் நிதானமாகப் பார்க்க இரண்டு நாட்கள் தேவை. தங்குவதற்கு ராமேஸ்வரத்தில் எல்லா விலையிலும் அறைகள் உண்டு. தொப்பியும் குடிநீரும் எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் பிளாஸ்டிக்கைப் போடாதீர்கள், சங்கு, கல் எதையும் எடுத்து வராதீர்கள். கொளத்தூருக்கு வார நாளில் போனால் கடைக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்கும். வீட்டு வரைபடத்தையும், தொட்டி வைக்கும் இடத்தின் அளவையும் கொண்டு போங்கள்.

தம்பி வீட்டில் தரைத்தளத்து மூலையில் இப்போது தொட்டி நிற்கிறது. நான்காவது வாரம். உள்ளே தண்ணீரும் பாறையும் மட்டும். பாறையில் பழுப்பாக லேசான பாசி படிய ஆரம்பித்திருக்கிறது. "அத்தை, மீன் எப்ப வரும்?" என்று பிள்ளைகள் தினமும் போனில் கேட்கிறார்கள். அவர்களையே ஒரு நோட்டில் அமோனியா அளவை எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். அமோனியா ஊற்றி மறுநாள் பார்த்தால் பூஜ்யம். நைட்ரைட் மட்டும் இன்னும் கொஞ்சம் காட்டுகிறது.